ஆண்டவர் பங்கு

உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி அள்ளித் தனியே வைப்பது, கடல் தாண்டி மலையில் இருந்த ஆனைக்குழித் தேயிலைத் தோட்டத்துக்கு மாசிலாமணி உபதேசியார் கொண்டுவந்த பழக்கம். அவருடைய திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருவதுதான். அடுப்பங்கரையில் ஒரு சின்னப் பானை இருக்கும். சமைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஜெபக்கூடத்துக்குக் கொண்டுபோய், மேசைக்குக் கீழே இருக்கும் மரப்பெட்டியில் கொட்டுவார்கள். பாதி மிஷனுக்கு, பாதி உபதேசியாருக்கு. அவர் மட்டும் அதை அப்படிச் சொல்லமாட்டார். ஆண்டவர் பங்கு என்றுதான் சொல்வார்.

தோட்டத்தில் பிடிக்கணக்கில் அரிசியைத் தனியே வைப்பது லேசான காரியமா? சம்பளத்தில் பிடித்துக்கொண்டு துரை அளக்கிற அரிசிதான் கூலிச்சனம் குடியிருக்கும் லயத்துக்கெல்லாம் சோறு. அது வாரக் கடைசிவரை வந்தாலே பெரிது. முதல் வருஷம் பெட்டியின் அடிப்பலகைகூட மறையவில்லை. உபதேசியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு அப்போஸ்தலர் காலத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டார். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்டு, முழுவதும் கொடுத்துவிட்டோம் என்று பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் ஒருவர்பின் ஒருவராக விழுந்து செத்த கதை. அவருக்கு நல்ல கணீர்க் குரல். புருஷன் விழுகிற இடத்தில் மேசையில் ஓங்கி ஒரு தட்டு, பெண்சாதி விழுகிற இடத்தில் இன்னொரு தட்டு. ஆண்டவர் பங்கைத் தொட்ட வீட்டில் சீவன் தங்காது என்று முடித்தார். அடுத்த வாரம் முதல் பெட்டி நிறைய ஆரம்பித்தது. அந்தப் பிரசங்கத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று இரண்டு தட்டுக்கும் திடுக்கிட்டவள் ராக்காயி. கொழுந்து பறிக்கிறவள், பெற்றவர்கள் போனபிறகு ஒற்றையாக வேதத்துக்கு வந்தவள். ஞானஸ்நானத்தில் ராகேல் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் உபதேசியார்தான். அந்தப் பெயரால் யாரும் கூப்பிடவில்லை, அவர் உட்பட. அவள் புருஷன் நல்லமுத்து மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் ஞாயிறுதோறும் இரண்டு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியோடு மேடேறி வருவான். வெளியே சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து பாட்டுக்கு மட்டும் தலையாட்டுவான். பிள்ளைக்கு ரூத் என்று பெயர். தேன் குடித்த மாதிரி எப்போதும் உதட்டை நக்கிக்கொண்டு சிரிக்கும்.

ஜெபக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு பக்கம் மண்சுவர், மேலே தகரம். தகரம் துரை கொடுத்தது. தேயிலை ஆலைக்குப் புதுக்கூரை போட்டபோது கழித்துப்போட்டதை, போனால் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதன் கீழேயே ஒரு ஓரத்தில் மறைப்பு கட்டி உபதேசியாரும் அவர் மனைவி ஞானப்பூவும் குடியிருந்தார்கள். ஆராதனையில் ராஜாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது மிஷன் ஒழுங்கு. ராஜாவுக்கு அடுத்ததாக, தோட்டத்துத் துரைக்கு நல்ல சுகத்தைக் கொடும் என்று ஒரு வரி வரும். அதை மிஷன் சொல்லவில்லை. உபதேசியார் தாமாகச் சேர்த்தது.

சீமையில் சண்டை தொடங்கிய அந்த வருஷம், தொழிலாளர் சங்கம் என்ற பேச்சு பொகவந்தலாவைக் கடைத்தெருவிலிருந்து லயத்துக்கு ஏறி வந்தது. நல்லமுத்து முதலில் சேர்ந்தான். பிறகு மற்றவர்களைச் சேர்த்தான். இந்தியாவுக்கு விடுதலை வரப்போகிறது, நமக்கு மட்டும் கங்காணி காலில் விழுகிற பிழைப்பா என்று எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று பேசினான். நிமிர்ந்து நிற்கும் தேசத்தில் என் மகள் வளருவாள் என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் போட ஓர் இடம் வேண்டும், ஜெபக்கூடத்தை ஒரு சாயங்காலம் தரமுடியுமா என்று அவன் கேட்டபோது, உபதேசியாரின் கண் தானாகக் கூரைக்குப் போனது. தேவனுடைய வீட்டில் அரசியல் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு விடுதலையைப் பற்றியே பிரசங்கம். மனுஷனை நம்பி எழும்பாதே, தேவனைச் சார்ந்து நில் என்றார். கிளை மரத்தைச் சார்ந்துதான் பச்சையாக இருக்கிறது. மரத்திலிருந்து கிளைக்கு விடுதலை கிடைத்தால் அதற்குப் பெயர் விறகு என்றார். அந்த உவமை பேசிக்கொண்டிருக்கும்போதே வாயில் வந்தது. தேவன் கொடுத்தார் என்றே நம்பினார்.

ஆராதனை முடிந்து இறங்குகையில் நல்லமுத்து குழந்தையோடு பாதையில் நின்றான். கும்பிட்டுவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டான்.

"கெள மரத்தச் சார்ந்துதாங்க நிக்கணும், ஐயா சொன்னது சரி. ஆனா மரம்னு ஐயா சொன்னது யாரங்க? கடவுளையா, தொரையையா?"

உபதேசியாருக்குச் சுள்ளென்று ஏறியது. வேதம் தெரியாதவன் விதண்டாவாதம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ரூத் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் திரும்பிச் சிரிக்கவில்லை.

அந்த மாதமே துரை நல்லமுத்துவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார். பத்துச்சீட்டு வாங்கியவன் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். மறுநாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு முழங்கியது. ஒருவரும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கொழுந்து முற்றிக்கொண்டு நின்றது. துரை அரிசி அறையைப் பூட்டிச் சாவியைப் பங்களாவுக்குக் கொண்டுபோனார். ஹட்டனுக்குச் சங்க ஆட்களைப் பார்க்கப் போன நல்லமுத்துவைப் பொலிஸ் பிடித்து உள்ளே வைத்தது.

கந்தப்பன் கங்காணி ஜெபக்கூடத்துக்கு வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, உள்ளே வராமலே பேசினார். வேலைநிறுத்தம் முடியும்வரை இங்கே கூட்டம், பாட்டு ஒன்றும் வேண்டாம் என்பது துரையின் உத்தரவு. பெட்டியில் இருக்கும் அரிசியில் ஒரு மணிகூட லயத்துக்குப் போகக்கூடாது என்பது இன்னொரு உத்தரவு. போனால் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போக ஆள் வரும் என்றார். உபதேசியார் சரிங்க என்றார்.

பெட்டியில் முக்கால்வாசிக்கு அரிசி இருந்தது. அறுப்பின் பண்டிகை வருவதால் மிஷனுக்கு அனுப்பாமல் சேர்த்துவைத்திருந்தார். பண்டிகைக்கு முந்தின மாதம் வீடுகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வாராவாரம் கொண்டுவந்து கொட்டாமல், சின்னப் பானையிலேயே சேர்த்துப் பண்டிகை அன்று பானையோடு கொண்டுவந்து படைப்பார்கள். ஆக, பூட்டிய அரிசி அறைக்கும் பட்டினி கிடந்த லயத்துக்கும் நடுவில், கிறிஸ்தவ வீடு ஒவ்வொன்றிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பானையில் அரிசி இருந்தது. இது உபதேசியாருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

லயத்துச் சனம் முதலில் கையிருப்பைத் தின்றது. பிறகு ஓடைக்கரைச் சேம்பங்கிழங்கையும் கீரையையும் தின்றது. கீழேயிருக்கும் சிங்களக் கிராமத்தார் இரண்டு தடவை பலாக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். உபதேசியார் தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தார். வனாந்தரத்தில் போஷித்தவரே, இந்த ஜனத்தையும் போஷியும் என்று உருகினார். முழங்காலுக்கு முன்னால் அந்தப் பெட்டி இருந்தது. ஞானப்பூ ஒருநாள், ஒரு படியாவது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். சபைக்கு ஒரு கூரை வேண்டாமா, அது போனால் இத்தனை வருஷ ஊழியம் என்னாவது என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து அவள் அவர் தட்டில் சோறு போடும்போது முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

இரண்டு வாரம் தாண்டியிருக்கும். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ராக்காயி குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றோட்டமும் காய்ச்சலும். ரூத்தின் உதடு வெடித்திருந்தது. சிரிப்பு இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் பத்துச்சீட்டு வாங்கினவன் பிள்ளைக்கு மருந்து கிடையாது என்றுவிட்டார். ஜெபம் பண்ணுங்க ஐயா என்று மட்டும் கேட்டாள். அவர் கேட்க நினைத்த கேள்வி, பிள்ளை என்ன சாப்பிட்டது என்பது. அதைக் கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை. குழந்தையின் தலையில் கைவைத்து நீளமாக ஜெபித்தார். அவள் அரிசி கேட்டுவிடுவாளோ என்று ஜெபம் முழுவதும் அவருக்குள் ஒரு திகில் இருந்தது. அவள் கேட்கவில்லை. ஆமென் சொல்லி, பிள்ளையை மூடிக்கொண்டு இறங்கினாள். அவர் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். பிற்காலத்தில் அவர் தம்மிடம் மிகவும் அருவருத்தது அந்த ஒரு மூச்சைத்தான்.

மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

அடக்க ஜெபத்துக்கு உபதேசியார் அங்கியை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்த பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரி வைக்கத் தெம்பு இல்லாததால் வெறுமே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அடுப்பு குளிர்ந்து கிடந்தது. ராக்காயி பிள்ளையைக் குளிப்பாட்டிப் பாயில் கிடத்தியிருந்தாள். கை இரண்டும் குச்சியாக இருந்தன. அவர் வேதத்தைத் திறந்தார். வாசித்தார். என்ன வாசித்தார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. ராக்காயி அழவில்லை. ஜெபம் முடிந்ததும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், துணியால் வாய்கட்டிய சின்னப் பானையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"பண்டிகை இல்லேன்னு சொன்னாங்க ஐயா. அதான் இங்கயே இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

பானை கனத்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கழுத்துவரை அரிசி. ஒரு குழந்தைக்குக் கஞ்சி வைக்க வாரக்கணக்கில் போதும்.

"இத வச்சுக்கிட்டா புள்ளையப் பட்டினி போட்டே?" என்று கேட்டார்.

அவள் அவரைக் குழப்பமாகப் பார்த்தாள். பாடம் மறந்துபோன வாத்தியாரைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"தொட்டா வீட்டுல சீவன் தங்காதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. புள்ளைக்கு ஏதாவது ஆயிருமேன்னுதாங்க ஐயா தொடல."

வாசலில் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவப் பெண்கள் தலையைக் குனிந்தார்கள். அவர்கள் பானையெல்லாம் முதல் வாரத்திலேயே காலி. பிள்ளைகள் பசி பொறுக்காமல் அழுதன, எடுத்துப் பொங்கிப் போட்டார்கள். பொங்கியதை உபதேசியாரிடம் சொல்லப் பயந்தார்கள். லயம் முழுவதிலும் அவர் சொன்னதை அப்படியே நம்பினவள் இவள் ஒருத்திதான்.

பிள்ளையை லயத்துக்குப் பின்னால், வேலியோரம் புதைத்தார்கள். மேடேறித் திரும்பும்போது பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தாவீது பசியோடு ஆசாரியரிடம் வந்து நின்ற வேதக் கதை அவருக்கு நினைவு வந்தது. ஆசாரியர் மட்டுமே தொடக்கூடிய அப்பத்தை எடுத்துப் பசித்தவனுக்குக் கொடுத்தார்கள், தேவன் யாரையும் அடிக்கவில்லை. அதே வேதத்தில்தான் அதுவும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட இவர் பிரசங்கித்ததில்லை. அதில் பெட்டி நிறைகிற சங்கதி ஒன்றும் இல்லை. நடுவழியில் நின்று, ஆண்டவரே நான் என்ன செய்துவிட்டேன் என்று வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானப்பூவைக் கூப்பிட்டு, பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பட்டப்பகலில், கந்தப்பன் கங்காணி வீட்டு வாசல் வழியாகவே இருவரும் அதைச் சுமந்துகொண்டு லயத்துக்கு இறங்கினார்கள். மாரியம்மன் கோவில் திருவிழா அண்டாவை எடுத்துவந்து கஞ்சி காய்ச்சினார்கள். கிறிஸ்தவப் பிள்ளை, கோவில் பிள்ளை என்று பாராமல் எல்லாம் வரிசையில் நின்று குடித்தன. ராக்காயி வரவில்லை. அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க உபதேசியாருக்குத் தைரியம் இல்லை. ஞானப்பூ கொண்டுபோனாள்.

சொன்னபடியே மறுநாள் ஆள் வந்தது. ஒவ்வொரு தகரமாகக் கழற்றிக் கீழே போட்டார்கள். ஜெபக்கூடத்துக்குள் மழை விழுந்தது. உபதேசியாரும் சாயங்காலத்துக்குள் தோட்டத்தைவிட்டுப் போக வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார். நனைந்துகொண்டே நின்ற அவருக்குப் பயமாக இருந்தது. தேவனைச் சார்ந்து நில் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். தாம் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்பது கூரை போன பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் தேவனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு துரை இருந்திருக்கிறார். நல்லமுத்து கேட்ட கேள்விக்கு அன்று கோபம் வந்த காரணமும் விளங்கியது.

வேலைநிறுத்தம் அந்த வாரமே உடைந்தது. சனம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனது. பொலிஸ் விட்டுவிட, நல்லமுத்து வந்து வேலியோரம் ஈரமண்ணைப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கட்டினான். கீழே கிராமத்தில் ஒரு சிங்கள வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்த உபதேசியாரும் மனைவியும் அவனோடும் ராக்காயியோடும் சேர்ந்துகொண்டார்கள். நோர்வூட் பக்கம் போனால் வேலை கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாலு பேரும் வளைந்து வளைந்து இறங்கும் அந்த ரோட்டில் நடந்தார்கள். நல்லமுத்து தோளைக் கையால் தடவிவிட்டுக்கொண்டே வந்தான். அது பிள்ளை உட்காரும் தோள். நெடுநேரம் கழித்து, உபதேசியாரைப் பார்க்காமலே சொன்னான்.

"ஒங்க மேல கோவம் இல்லீங்க. நானும் பெருசாத்தான் பேசுனேன். நாட்டுக்கு விடுதல வரும் வரும்னேன். அது வர்ற வரைக்கும் புள்ளைக்குக் கஞ்சிக்கு வழி பாக்கல."

அதைக் கேட்பதைவிட அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பசி எடுத்ததும் ரோட்டோரம் ஓர் ஓடைப்பக்கம் உட்கார்ந்தார்கள். நல்லமுத்து கல் வைத்து அடுப்புக் கூட்டினான். ஞானப்பூ தண்ணீர் கொண்டுவந்து உலை வைத்தாள். அவர்களிடம் இருந்த அரிசி ஒரே ஒரு பானைதான். உபதேசியார் மூட்டையிலிருந்து அந்தச் சின்னப் பானையை எடுத்து ராக்காயியிடம் நீட்டினார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அதைத் திருப்பிக் கொடுக்க நினைத்து வாய் வராமல் வைத்திருந்தார். அவள் தன் பானையைப் பார்த்தாள். வாங்கி முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினாள்.

உலை கொதித்தது. அரிசியைப் போட முறத்தைத் தூக்கினவள், பழக்கத்தில் ஒரு பிடி அள்ளித் தனியே எடுத்தாள். எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். வைக்க அடுப்பங்கரை இல்லை. கொண்டுபோக ஜெபக்கூடம் இல்லை. காப்பாற்றப் பிள்ளை இல்லை. மூடிய கையோடு திரும்பி உபதேசியாரைப் பார்த்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லக் காத்திருந்தாள்.

"அதையும் உலையில போடும்மா," என்றார். "ஆண்டவர் ஒண்ணும் சொல்லமாட்டார். பசிக்குத்தான் அரிசி."

அவள் கையை விரித்தாள். அரிசி உலையில் விழுந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க ஐயா," என்றாள்.

பிள்ளை போனபிறகு அப்போதுதான் அவள் முதல்முறையாக அழுதாள்.